கையில் வாங்கக் கூடாது

கையில் தராதீர்கள், துணிமேல் வையுங்கள் என்று சொல்ல வேண்டும், ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்கிற வாக்கியம், இந்தியில் சொன்னால் நான்கே சொல், ஆனால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு வர மறுக்கிறது, ஏனென்றால் ஐந்நூறு ரூபாய்க் கட்டை என் மார்புக்கு நேராக நீட்டிக்கொண்டு நிற்கிற இந்த ஆளை எனக்குத் தெரியும். தெரியுமா? ஒரு தடவை பார்த்திருக்கிறேன், அதுவும் போனில், அரை நிமிடம். தங்கை சுகிர்தாவுக்குப் பூ வைத்து நிச்சயம் செய்த அன்று அம்மா போனைத் திருப்பிக் கூடம் முழுவதையும் காட்டிக்கொண்டே வந்தபோது, நடுவில் ஜமுக்காளத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தவர். சந்தனம் வைத்த அகலமான நெற்றி, இடது காதில் ஒரு மரு. "இதுதான் பெரியவளாங்? எங்கீங் அம்மணி இருக்கறீங்க?" என்று அவர் திரைக்குள் குனிந்து கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அம்மா போனைப் பிடுங்கி, "கோவாவுல பெரிய ஓட்டலுங், கணக்குப் பிரிவுல இருக்கறா" என்று சொல்லி போனோடு சேர்த்து என்னை அணைத்துவிட்டாள். அந்த மரு இதோ இருக்கிறது, விளக்கு வெளிச்சத்தில் கருத்த மிளகு மாதிரி. சென்னியப்பன். உடுமலையில் கொப்பரை மண்டி. இன்னும் மூன்று வாரத்தில், ஆவணி இருபத்தேழில், என் தங்கைக்கு மாமனாராகப் போகிறவர். மதியம் மூன்று பத்து. காசினோப் படகு லேசாக ஆடுகிறது, மழையில் ஆறு பெருத்திருக்கிறது, ஆனால் உள்ளே ஜன்னல் கிடையாது, மழையும் கிடையாது, மேசைக்கு மேல் கறுப்புக் கண்ணாடிக் குமிழுக்குள் இருக்கிற கேமரா மட்டும்தான். அது என் கையைப் பார்க்கிறது. என் முகத்தைப் பார்ப்பதில்லை. அது ஒன்றுதான் இப்போது ஆறுதல்.

"டேபிள் பே ரக்கியே, சர்" என்று எப்படியோ சொல்லிவிடுகிறேன். அவருக்குப் புரியவில்லை, என் கைதான் துணியைக் காட்டுகிறது, அவர் கட்டை வைக்கிறார். இனி கைகள் பார்த்துக்கொள்ளும். ஆறு வருடமாகப் பழகிய கைகள். ரப்பர் பாண்டை எடுத்து ஓரமாகக் கேமராவுக்குத் தெரிகிற மாதிரி வைக்கிறேன், நோட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பத்துப் பத்தாக நான்கு வரிசை பரப்புகிறேன், ஒன்றின் தலை இன்னொன்றின் மேல் கொஞ்சம் ஏறியிருக்க வேண்டும், எண் தெரிய வேண்டும், ஒன்று, இரண்டு, மூன்று. நோட்டில் தேங்காய் எண்ணெய் வாசனை அடிக்கிறது. கொப்பரை வாங்கிய ஆள் தந்த பணமாக இருக்கும். என்னைத் தெரிந்துவிட்டால்? பதினொன்று, பன்னிரண்டு. தெரிந்திருந்தால் இப்படிச் சாவகாசமாக உட்காருவாரா? ஆனால் சில பேர் அப்படித்தான், தெரியாத மாதிரி உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார்கள், என் வீட்டுக்காரனாக இருந்தவன் அப்படித்தான், நான் பொய் சொல்லி முடிக்கிறவரைக்கும் தலையாட்டிக் கேட்டுவிட்டு அப்புறம்தான் தட்டை எறிவான். இருபத்தாறு, இருபத்தேழு. இருபத்தேழா, இருபத்தெட்டா? வலது புருவத்துக்கு மேல் அரிக்கிறது. சொறியக் கூடாது. பணம் துணிமேல் இருக்கும்போது கை முகத்துக்குப் போனால் மேலே கேமரா அறையில் இருக்கிறவர்கள் அதைத் திருப்பித் திருப்பி ஓட்டிப் பார்ப்பார்கள். நான்காவது வரிசையை மறுபடி தொட்டு எண்ணுகிறேன், பத்து இருக்கிறது, நாற்பதுதான், நாற்பதேதான், ஆனால் மூன்றாவது வரிசையில் பத்து இருந்ததா, எண்ணினேனா, இல்லை எண்ணியதாக நினைத்துக்கொண்டேனா. "இருபதாயிரம், ரொக்கம்" என்று உரக்கச் சொல்கிறேன். சூப்பர்வைசர் லோபோ பின்னால் வந்து தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து வரிசைகளைக் கண்ணால் தடவிவிட்டு, "சரி" என்கிறார். பணத்துக்கு ஈடாக ஆயிரம் ரூபாய்ச் சிப்பு இருபதை ஐந்தைந்தாக அடுக்கிக் காட்டி சென்னியப்பன் பக்கம் தள்ளுகிறேன். நோட்டுகளைத் திரட்டி மேசையின் பிளவில் வைத்து, கண்ணாடி மாதிரி இருக்கிற பட்டையால் உள்ளே அழுத்துகிறேன். பணம் பெட்டிக்குள் விழுகிற சத்தமே கேட்காது. உள்ளங்கைகளைத் தட்டி, விரித்து, மேலே காட்டி, திருப்பிக் காட்டுகிறேன். என் கையில் ஒன்றுமில்லை. இந்தப் பழக்கம் வீட்டிலும் போக மாட்டேன் என்கிறது, பால்காரனுக்குக் காசு கொடுத்தாலும் கையைத் தட்டி விரித்துக் காட்டுகிறேன், அவன் சிரிக்கிறான்.

இப்போதே சொல்ல வேண்டும். லோபோ இன்னும் நாலடி தள்ளித்தான் நிற்கிறார். திரும்பி, சார், இந்த விருந்தினரை எனக்குத் தெரியும் என்று சொன்னால் போதும், மேசை மாற்றிவிடுவார்கள், காகிதம் ஒன்று நிரப்பச் சொல்வார்கள், அவ்வளவுதான். பயிற்சியின் முதல் நாளே லோபோ சொன்னார்: "உன்னைப் பெற்றவளே வந்து எதிரில் உட்கார்ந்தாலும் சீட்டைத் தொடுவதற்கு முன்னால் என்னிடம் சொல்." போன வருடம் ரீனா சொல்லாமல் விட்டாள். அஸ்ஸாம்காரி, என் அறைத் தோழி, அவள் சித்தி மகன் வந்து உட்கார்ந்து ஏழாயிரம் ஜெயித்தான், ஏழே ஏழாயிரம், அவள் ஒரு தப்பும் செய்யவில்லை, எல்லாச் சீட்டும் ஒழுங்காகத்தான் விழுந்தது, ஆனால் சொல்லவில்லை. மறுநாள் சாயங்காலப் படகில் பெட்டியோடு கரைக்குப் போனாள். அப்புறம் எந்தக் காசினோவும் அவளை எடுக்கவில்லை. நான் சொல்லலாம். ஆனால் என்ன உறவு என்று கேட்பார்கள். இவருக்கு முன்னாலேயே கேட்பார்கள். நான் ஆங்கிலத்தில் சொன்னாலும் சிஸ்டர் என்கிற சொல் இவருக்கும் தெரியும். அப்புறம் உடுமலைக்குப் போய், பெரியவள் கோவாவில் சீட்டுப் போடுகிறாள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அம்மா ஜன்னலுக்குப் புதுத்திரை தைத்து, கடன்காரன் மாதிரி வாசலில் நின்று வரவேற்ற இந்தச் சம்பந்தம் காற்றில் போய்விடும். ஏற்கனவே என்னால் இரண்டு இடம் தட்டிப்போனது. அக்கா புருஷனை விட்டுவிட்டு வந்தவள் என்றதும் காப்பியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்கள். மூன்றாவதாக வந்தவர் இவர்தான், "அதுக்கென்னுங், கட்டிக்கறது சின்னப்புள்ளையத்தானே" என்றாராம். அப்படியென்றால் இவர் எனக்குத் தெரிந்தவர்தானா? இன்னும் சம்பந்தி ஆகவில்லை. பேசியதில்லை. நேரில் பார்த்ததில்லை. அந்தக் காகிதத்தில் உறவுமுறை என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதில் என்ன எழுதுவேன், இன்னும் மூன்று வாரத்தில் உறவு என்றா? தெரியாதவர் என்று வைத்துக்கொள்ளலாம். தெரியாதவர்தான். நான் சீட்டைக் கையில் எடுத்துவிட்டேன். எடுத்த பிறகு சொன்னால், எடுப்பதற்கு முன் ஏன் சொல்லவில்லை என்பார்கள்.

உள்ளே வெளியே. ஊரில் கோவில் நோன்புக்குப் பின்னால் துண்டு விரித்து ஆடுவார்களே, அதே ஆட்டம்தான், இங்கே பச்சைத் துணியும் ஏசியும். ஒரு சீட்டைத் திருப்பி நடுவில் வைக்கிறேன், ஒன்பது. இனி உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே போக வேண்டும், அடுத்த ஒன்பது எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கத்துக்குப் பணம். இதில் எனக்கு ஒரு வேலையும் இல்லை, சீட்டு பெட்டியிலிருந்து வருகிறது, நான் இழுத்துப் போடுகிறேன், மழை பெய்வது போல அது பாட்டுக்கு விழுகிறது. அவர் இரண்டு சிப்பை உள்ளே பக்கம் வைக்கிறார். மேசையில் வேறு ஆள் இல்லை. ஆறாவது சீட்டே ஒன்பதாகி வெளியே விழுந்தால் நன்றாயிருக்கும் என்று நினைக்கிறேன், உடனே, ஐயோ அது கொப்பரைப் பணம், கல்யாணச் செலவுக்கு வைத்திருப்பாரோ என்று நினைக்கிறேன். ஏழாவதாக உள்ளே விழுகிறது. ஜெயித்துவிட்டார். இவர் ஜெயித்தால் நான் திருடி. தோற்றால் என் தங்கை கழுத்தில் ஏறப்போகிற தாலிக்கொடியின் எடையை என் கையாலேயே பிளவுக்குள் தள்ளுகிறேன். ஜெயிக்கவும் கூடாது தோற்கவும் கூடாது, வந்ததை எடுத்துக்கொண்டு எழுந்து போக வேண்டும், போங்களேன், ஊருக்குப் போக நேரமாகவில்லையா. அவர் எழவில்லை. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி என் சட்டையில் குத்தியிருக்கிற பெயர் வில்லையைப் பார்க்கிறார். ஆங்கிலத்தில் மங்கை, அதற்குக் கீழே சின்னதாகத் தமிழ்நாடு. எழுத்துக் கூட்டுகிறார். வீட்டில் என்னை அரசி என்பார்கள், மங்கையர்க்கரசியில் அவர்கள் வாலை எடுத்துக்கொண்டார்கள், இங்கே தலையை எடுத்துக்கொண்டார்கள், சாமி, அது போதும், அந்த இடைவெளி போதும். "தமிழுங்களா அம்மணி?" என்கிறார், முகமெல்லாம் மலர்ந்து. "ஆமாங்க" என்று வந்துவிட்டது, அந்த ‘ங்க’ தாராபுரம் சந்தையிலிருந்து நேராக வந்த ‘ங்க’. "எந்த ஊருங்?" "சென்னை, சார்." "சென்னைல எங்கீங்?" "தாம்பரம்." "அதான பார்த்தேன். காலைலருந்து இந்திக்காரனுவளோட மாரடிச்சு நாக்கே செத்துப்போச்சு."

அவர் பேசுகிறார். ஆடிக்கொண்டே பேசுகிறார், ஜெயித்துக்கொண்டே பேசுகிறார், எனக்கு அதுதான் தாங்கவில்லை. இங்கே மட்கானில் கொப்பரை வாங்குகிற ஏவாரி ஒருத்தன் இருக்கிறானாம், அவனுக்குப் பத்திரிகை வைக்க வந்தாராம், பழைய பாக்கியையும் கொடுத்தானாம், ரயில் ராத்திரிக்குத்தானாம், சும்மா உள்ளே எப்படித்தான் இருக்கும் என்று பார்க்க வந்தாராம். கெட்ட பழக்கம் ஒண்ணும் இல்லாத மனுசன், டீகூடக் குடிக்க மாட்டாரு என்று அம்மா போனில் சொன்னாள், ஒரு வாரம் அதையே சொன்னாள். இவர் கை சிப்பை அடுக்குகிற விதத்தைப் பார்க்கிறேன், பெருவிரலும் நடுவிரலும் சேர்த்து, பார்க்காமலே ஐந்தை வெட்டி எடுக்கிறார். இது முதல் தடவை வந்தவர் கை இல்லை. எனக்கு இது தெரிந்திருக்க வேண்டாம். சுகிர்தா போய் வாழப்போகிற வீட்டின் சாவி இந்தக் கையில் இருக்கிறது, நான் இதை எப்படித் தெரியாததாக ஆக்குவது. "வெளிய வெக்கட்டுங்களா, உள்ளயா? நீங்க சொல்லுங் அம்மணி." "நாங்க சொல்லக் கூடாதுங்க." "சும்மா கண்ணைக் காட்டுங், போதும்." நான் கண்ணைத் துணிமேல் நட்டுக்கொள்கிறேன். இமைத்தால்கூட சாடை ஆகிவிடும். இமைக்காமல் எத்தனை நேரம் இருக்க முடியும். ஐந்தாயிரம் வெளியே வைக்கிறார். நடுச்சீட்டு ராணி. உள்ளே மூன்று, வெளியே பத்து, உள்ளே ஏழு, வெளியே ராணி. கடவுளே. அவர் தொடையில் தட்டுகிறார். லோபோ ஒரு தடவை திரும்பிப் பார்க்கிறார், சாதாரணமாகத்தான் பார்க்கிறார், இல்லை, சாதாரணமாக இல்லை. இருபது இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டது. "என்ற பையனுக்குக் கல்யாணமுங்" என்கிறார். "பொண்ணு தாராபுரம். தங்கமான புள்ளை. அப்பன் இல்லை, அம்மாக்காரி ஒத்தைல வளத்துனது. ஒரு அக்காக்காரி உண்டு, அது இங்கதான் எங்கியோ ஓட்டல்ல இருக்குதாமா. எந்த ஓட்டலுன்னு தெரிஞ்சிருந்தா ஒரு எட்டுப் போயிப் பாத்திருக்கலாம்." இது ஆழம் பார்க்கிற பேச்சா? நிமிர்ந்து முகத்தைப் பார்க்கிறேன். அதில் ஒரு கள்ளமும் இல்லை, வெற்றிலைச் சிவப்பும் சந்தோஷமும்தான் இருக்கிறது. தெரியவில்லை. இவருக்கு நிஜமாகவே தெரியவில்லை. என் கொண்டை, என் உதட்டுச்சாயம், இந்தக் கறுப்புச் சட்டை என்னை மறைத்துவிட்டது, ஒரு கணம் நிம்மதியாகவும் அடுத்த கணம் செத்துப்போன மாதிரியும் இருக்கிறது.

அப்போதுதான் அவர் காலடியிலிருந்து மஞ்சள் பையை எடுத்து மடியில் வைத்துத் துழாவுகிறார். இன்னொரு கட்டு எடுக்கப்போகிறார், மறுபடி எண்ண வேண்டும், மறுபடி இருபத்தேழில் தடுக்கும் என்று நினைக்கிறேன். அவர் எடுத்தது பத்திரிகை. நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய, தங்க எழுத்து அச்சிட்ட கல்யாணப் பத்திரிகை. எழுந்து நின்று, துண்டைத் தோளிலிருந்து இறக்கி இடுப்பில் கட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டுகிறார். "ராசியான கையுங் உங்குளுது. வேத்து ஊருல ஒரு தமிழ்ப்புள்ளையப் பாத்திருக்கறன். குடும்பத்தோட வரோணும்." என் கை தன்னால் அரை அடி எழுகிறது. பத்திரிகையை நின்று, இரண்டு கையாலும் வாங்க வேண்டும், ஐந்து வயதிலிருந்து பழக்கம். கேமரா. கை காற்றில் நிற்கிறது. "சார், கையில வாங்கக் கூடாதுங்க. கீழ வைங்க." "பணத்தைத்தான் அப்படிச் சொன்னீங்க. இது பத்திரிகையுங் அம்மணி. பத்திரிகையப் போயிக் கீழ வெப்பாங்களா?" "எதுவாயிருந்தாலும் கையில வாங்கக் கூடாதுங்க." அவர் முகம் சின்னதாகச் சுருங்குகிறது, சபையில் ஒருத்தி பந்தியிலிருந்து எழுந்துபோன மாதிரி. பிறகு மெதுவாகக் குனிந்து, சிப்புகளுக்குப் பக்கத்தில், துணியின்மேல் வைக்கிறார். லோபோ வந்துவிட்டார். "என்ன அது?" "கல்யாணப் பத்திரிகை, சார்." "திற. காட்டு." மேசைமேல் எது வந்தாலும் அப்படித்தான், சிகரெட் பெட்டியானாலும் திறந்து, உள்ளே நோட்டோ சிப்போ இல்லை என்று காட்ட வேண்டும். நான் உறையிலிருந்து உருவி, விரித்து, கேமராவுக்கு ஒரு பக்கம் காட்டி, திருப்பி மறுபக்கம் காட்டி, துணியில் பரப்புகிறேன், ஐந்நூறு ரூபாய் நோட்டைப் பரப்புகிற அதே விரல்களால். அது அவர் பக்கம் நேராகவும் என் பக்கம் தலைகீழாகவும் கிடக்கிறது. தலைகீழாகப் படிப்பது எனக்குக் கஷ்டமே இல்லை, ஆறு வருடமாக உலகத்தையே அப்படித்தான் படிக்கிறேன். மணமகள் சுகிர்தா. தாயார் பெயர். இறந்துபோன அப்பாவின் பெயர், சின்னக் கட்டத்துக்குள். தங்கள் நல்வரவை விரும்பும், எங்கள் பக்கம்: பெரியப்பா பெயர், மாமா பெயர், அத்தை, அத்தை மகன்கள் மூன்று பேர், பங்காளிகள் நாலு பேர், பக்கத்து வீட்டு ரைஸ்மில்காரர். என் பெயர் எங்கே. "உன்ற பேரு போட்டிருக்குது கண்ணு, பெரியப்பா பேருக்கு நேரா கீழ, கோவான்னு சேத்தி" என்று அம்மா சொன்னாள். பெரியப்பா பெயருக்கு நேர் கீழே மாமா. அதற்குக் கீழே அத்தை. மறுபடி மேலிருந்து வருகிறேன். பதினொரு பெயர். ஒவ்வொன்றாக எண்ணுகிறேன், எண்ணிக்கை இந்தத் தடவை எங்குமே தடுக்கவில்லை. பதினொன்று. நான் இல்லை.

எத்தனை நேரம் அப்படி நின்றேனோ. "மங்கை?" என்கிறார் லோபோ. ‘ஆட்டத்தைத் தொடர்’ என்று அர்த்தம். தொடரலாம். தொடர்ந்தால் ஒன்றும் ஆகாது, இவர் ரயிலேறிவிடுவார், கல்யாணம் நடக்கும், நான் லீவு கிடைக்கவில்லை என்று சொல்வேன், அம்மாவும் அதைத்தான் எதிர்பார்த்திருக்கிறாள், இப்போது தெரிகிறது, ஒவ்வொரு போனிலும் லீவு கஷ்டமாயிருந்தா உட்ரு கண்ணு, உட்ரு கண்ணு என்றாளே, அது என்மேல் இருந்த கரிசனம் இல்லை. என்னைத் தெரியாதவளாக ஆக்கிவிட்டார்கள், பதினொரு பேரும் சேர்ந்து, அச்சடித்து. நானும் இருபது நிமிடமாக அதையேதானே செய்துகொண்டிருக்கிறேன். சீட்டைக் கீழே வைக்கிறேன். கைகளைத் தட்டி விரித்துக் காட்டுகிறேன். "சார், இந்த விருந்தினரை எனக்குத் தெரியும்" என்று ஆங்கிலத்தில் சொல்கிறேன், குரல் யாருடையதோ போல இருக்கிறது. லோபோவின் புருவம் ஏறுகிறது. "எப்படித் தெரியும்?" நான் அதைத் தமிழிலேயே சொல்கிறேன், மேசைக்கு எதிரில் இருக்கிறவர் முகத்தைப் பார்த்துச் சொல்கிறேன், லோபோவுக்கு அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். "நான் சுகிர்தாவோட அக்காங்க. அரசி." சென்னியப்பன் சிரிக்கத்தான் ஆரம்பித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. மூக்குக்கண்ணாடி நெற்றியிலிருந்து தானே வழுக்கி மூக்கில் விழுந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை, தன் முன்னால் அடுக்கியிருக்கிற சிப்புகளைத்தான் பார்த்தார், பிறகு அதைக் கையால் மறைத்துக்கொள்ளப் பார்த்தார், நாற்பத்தாறு சிப்பை இரண்டு உள்ளங்கையால் எப்படி மறைப்பது.

மேலே ஒரு அறை இருக்கிறது, நாற்காலி ஒன்று, மேசை ஒன்று, தண்ணீர் பாட்டில் ஒன்று. முதல் தடவையாக இங்கே உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்து அறையில் என் இருபத்திரண்டு நிமிடங்களை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், நோட்டு நோட்டாக, சீட்டுச் சீட்டாக. பத்திரிகையையும் எடுத்துப் போய்விட்டார்கள். அவருடைய சிப்பை மாற்றிக் கொடுக்காமல் நிறுத்தி வைத்திருக்கிறார்கள், கீழே சோபாவில் உட்கார வைத்து ஜூஸ் கொடுத்திருப்பார்கள், குடிக்க மாட்டார். அவர் இப்போது என்ன நினைப்பார்? போனை எடுத்திருப்பாரா? வீட்டுக்காரம்மாவைக் கூப்பிட்டு, அந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று ஒரு வார்த்தை. அதற்கு அவர் எங்கிருந்து பேசுகிறார் என்று சொல்ல வேண்டுமே. சொல்ல வேண்டியதில்லை, ரோட்டில் பார்த்தேன் என்றாலும் ஆயிற்று. நான் இமைத்தேனா? அந்த ராணி விழுந்தபோது இமைத்தேனா? இமைத்திருந்தால் அது சாடை. வாய் திறந்து கடவுளே என்று சொன்னேனா, மனதுக்குள் சொன்னேனா? மூன்றாவது வரிசையில் ஒன்பதே நோட்டு இருந்திருந்தால்? சுகிர்தா கேட்டால் என்ன சொல்வேன், உன் கல்யாணத்தை ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டேன் என்றா? அவள் பிளஸ் டூ படிக்கும்போது தினம் ராத்திரி போனில் கணக்கு சொல்லிக் கொடுத்திருக்கிறேன், நான் அக்கா என்பதற்கு அதைவிட என்ன அத்தாட்சி வேண்டும், ஆனால் பத்திரிகையின் மெய்ப்பை அவள் பார்த்திருப்பாளே, பார்த்தாளா, பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தாளா. அதை மட்டும் யோசிக்காதே. தண்ணீர் குடி. பாட்டிலைத் திறக்கிறேன், எந்தக் கேமராவும் இல்லாத இந்த அறையில் கை தாராளமாக முகத்துக்குப் போகிறது. புருவத்தைச் சொறிகிறேன். ரத்தம் வருகிற அளவுக்குச் சொறிகிறேன்.

நாற்பது நிமிடம் கழித்து லோபோ வந்தார். நின்றுகொண்டே சொன்னார்: "ஆட்டத்தில் தப்பில்லை. எண்ணிக்கையும் சரி. ஆனால் முதல் சீட்டுக்கு முன்னால் நீ சொல்லியிருக்க வேண்டும். எச்சரிக்கைக் கடிதம் வரும். கையெழுத்துப் போடு." அவ்வளவுதானா என்று இருந்தது. படகுக்கும் பெட்டிக்கும் மனதளவில் தயாராகிவிட்டிருந்தேன். "அந்தப் பெரியவருக்குப் பணம் கொடுத்தாகிவிட்டது. உன்னிடம் பேச வேண்டும் என்கிறார். இரண்டு நிமிடம், நடையில், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு." நடையில் அவர் மஞ்சள் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். மேசைக்கு எதிரில் இருந்தபோது பெரிய ஆளாகத் தெரிந்தவர், இப்போது என் தோளுக்குத்தான் வந்தார். "கண்ணு மட்டுப்படலீங் அம்மணி, அடையாளமே தெரியலீங்" என்றார். "பரவால்லீங்க." "ஓட்டலுன்னுதான் சொன்னாங்க." "ஆமாங்க. அம்மாதான் அப்படிச் சொன்னாங்க." பையின் காதைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தார். "வருசத்துல ஒருக்கா, ரெண்டுக்கா வருவனுங். ஊட்ல தெரியாது. பையனுக்கும் தெரியாது. நீங்க…" "நான் எதுக்குங்க மாமா சொல்லப் போறேன்." மாமா என்று வாயில் வந்துவிட்டது. அவர் தலையை ஆட்டினார். எதற்கு ஆட்டினார் என்று தெரியவில்லை. அவ்வளவோடு விட்டிருக்கலாம், ஆனால் அந்தப் பதினொரு பெயர் உள்ளேயே நின்றது. "பத்திரிகைல என் பேரு நீங்க போட வேண்டாம்னு சொன்னீங்களா மாமா?" அவர் நிமிர்ந்தார். "நாங்களா? சத்தியமா இல்லீங் அம்மணி. பொண்ணு வீட்டு லிஸ்ட்டு உங்கம்மா கைப்பட எழுதிக் குடுத்தது. பெரியவ பேரு உடுபட்டிருக்குதேன்னு என்ற ஊட்டுக்காரி போன் பண்ணிக்கூடக் கேட்டா. அது வேண்டாம், அப்படியே இருக்கட்டும்னுட்டாங்க." பிறகு, நான் கேட்காமலே, தரையைப் பார்த்துக்கொண்டு, "நீங்க செய்யறது வேலை. நான் செஞ்சதுதான் தப்பு. கல்யாணத்துக்கு வந்துருங்" என்றார். வரச் சொல்கிற வாயும் வராமலிருந்தால் தேவலை என்கிற கண்ணும் ஒரே முகத்தில் இருந்தன. கரைக்குப் போகிற படகு ஹாரன் அடித்தது. அவர் போனார், திரும்பிப் பார்க்கவில்லை.

ஆறு மணிக்கு வேலை முடிந்தது. பெயர் வில்லையைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது லோபோ ஒரு பிளாஸ்டிக் உறையைக் கொண்டுவந்து நீட்டினார். உள்ளே பத்திரிகை. "இது உன்னுடையது என்கிறார்கள். மேசையில் வைத்த பொருள், பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்." பொருள்: ஒன்று. மதிப்பு: இல்லை. வாங்கியவர் என்ற இடத்தில் முழுப்பெயரை எழுதினேன், மங்கையர்க்கரசி, கட்டத்துக்கு வெளியே போய்விட்டது. கரைக்குப் போகிற படகு ஏறும் இடத்தில் மழை விட்டிருந்தது, சேற்று வாசனையோடு காற்று. அம்மா கூப்பிட்டாள், இந்த நேரத்துக்குத்தான் கூப்பிடுவாள். "சாப்ட்டயா கண்ணு?" "இனிமேதான்." "லீவு கேட்டயா? குடுக்கலைன்னா பரவால்ல, உட்ரு. கம்பெனிக்காரங்களப் பகைச்சுக்காத." ஆற்றில் விளக்குகள் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டிருந்தன. சொல்லாமலும் விடலாம். "லீவு கெடச்சிரும்மா. மாமா நேர்லயே வந்து பத்திரிகை வெச்சுட்டுப் போனாரு." "எந்த மாமா?" "சுகிர்தா மாமனாரு." அந்தப் பக்கம் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது, அது நின்றது. "எங்க வெச்சு?" "நான் வேலை செய்யற எடத்துல." அம்மாவின் மூச்சு கேட்டது, சேலைத் தலைப்பு போனில் உரசுகிற சத்தம் கேட்டது. அழுகிறாளா, திட்டப் போகிறாளா, வைத்துவிடப் போகிறாளா. பத்திரிகையில் இல்லாத பெயரைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. பாதிப் பேர் படகில் ஏறிவிட்டார்கள், பின்னாலிருப்பவர்கள் தள்ளுகிறார்கள். "கல்யாணத்துக்குத் தைக்க உன்ற ரவிக்கை அளவு," என்றாள் அம்மா கடைசியில், தொண்டையைச் செருமிக்கொண்டு, "பழைய அளவேதானா, மாறியிருக்குதா?"

"மாறிப்போச்சும்மா" என்றேன். "புதுசா எடுக்கோணும்."